அரைச் சுற்றில் நின்ற ரயில்

அக்காவின் மகன் லண்டனிலிருந்து வந்தால் வீட்டில் எல்லோரும் சொக்லேட்டுக்கும் வாசனைச் சவர்க்காரத்துக்கும் காத்திருப்பார்கள். இந்தத் தடவை அவன் ஒரு தகரப் பிஸ்கட் பெட்டியையும், பழைய துவாயில் சுற்றிய இரும்புப் பாரம் ஒன்றையும் கொண்டுவந்து என் வேலை மேசையில் வைத்தான். "மாமா, நான் வாங்கிய வீட்டின் கூரைக்குள் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. தம்பி விளையாடட்டும்" என்றான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அந்தப் பாரத்தை இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்தார்களாம். எனக்கு அதில் வியப்பு இல்லை. உள்ளே செம்புச் சுருள், வெளியே வயர், மேலே திருகும் குமிழ், போகுமிடம் கிளிநொச்சி. நானாக இருந்தாலும் அவிழ்த்துத்தான் பார்த்திருப்பேன்.

தகரப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு எஞ்சின், மூன்று பெட்டிகள், வளைந்ததும் நேரானதுமாகத் தண்டவாளத் துண்டுகள். துவாய்க்குள் இருந்தது அந்த ரயிலை ஓட்டும் கொன்ட்ரோலர். சாம்பல் நிறம், ஒரு செங்கல் அளவு, ஆனால் செங்கல்லை விடப் பாரம். மேலே ஒரு குமிழ். பக்கத்தில் முன்னும் பின்னும் திசை மாற்றும் சுவிட்ச். அதற்குக் கீழே 'அரை', 'முழு' என்று ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு சிறிய சுவிட்ச். பின்பக்கம் நான்கு முனைகள்: இரண்டில் 12 வோல்ற்று நேரோட்டம் (டிசி), மற்ற இரண்டில் 16 வோல்ற்று ஆடலோட்டம் (ஏசி). எந்தக் கம்பனி செய்தது என்று எழுதப் போவதில்லை. ஐம்பது அறுபது வருடம் உழைத்த பொருளின் குறையைச் சொல்லும்போது செய்தவனின் பெயரை இழுப்பது நியாயமில்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது. எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பற்றறி எங்கே போடுவது என்றுதான் முதலில் கேட்டான். பற்றறி கிடையாது. ஒரு தண்டவாளத்தில் நேர், மற்றதில் மறை. சில்லுகள் வழியாகக் கரண்ட் ஏறி மோட்டருக்குப் போகிறது. தண்டவாளத்துக்கு 4 வோல்ற்று கொடுத்தால் ஊர்கிறது, 12 கொடுத்தால் பறக்கிறது, நேரையும் மறையையும் இடம் மாற்றினால் பின்னுக்கு ஓடுகிறது. இதைச் சொன்னதும் அவன் அடிமட்டத்தை எடுத்துத் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தான். பதினாறரை மில்லிமீற்றர். இந்த வகை ரயில்கள் உண்மையானதன் 76இல் ஒரு பங்கு. எங்கள் ஊர்த் தண்டவாளம் ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். 76ஆல் பிரித்துப் பார்த்தான், 22 வந்தது. "அப்பா, இது பிழை" என்றான். இங்கிலாந்துத் தண்டவாளம் எங்களுடையதை விட ஒடுக்கம், 1435 தான் என்றேன். அதையும் பிரித்தான். கிட்டத்தட்டப் 19. "அப்போதும் பிழைதானே?" பிழைதான். இங்கிலாந்து எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களை விடச் சிறியவை. அந்தக் காலத்து மோட்டரை உள்ளே திணிக்க இடம் போதாமல் எஞ்சினின் உடம்பை மட்டும் கொஞ்சம் பெருப்பித்து, தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் தெரிந்தே செய்த பிழை என்று சொன்னபோது அவனுக்குப் பெரிய திருப்தி.

என் வேலை மேசை உண்மையில் ஒரு கதவு. முதிரைக் கதவு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கூரை, நிலை, யன்னல் எதுவும் இல்லை. கதவு மட்டும் வளவின் மூலையில் குப்புறக் கிடந்தது. இரண்டு மரக் குதிரைகளின் மேல் போட்டு அதில்தான் பதினைந்து வருடமாக ரேடியோவும் டிவியும் இப்போது பெரும்பாலும் எல்ஈடி பல்ப்பும் திருத்துகிறேன். அந்தக் கதவின் மேல் தண்டவாளம் ஒரு நீள்வட்டமாகச் சரியாகப் பொருந்தியது.

பிளக்கைச் செருகுவதற்கு முன் வயரைப் பார்த்தேன். நல்ல காலம் பார்த்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. இங்கிலாந்தில் 1970 வாக்கில் இந்த நிறங்களை மாற்றி மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கோடு என்று கொண்டுவந்தார்கள். ஆகவே இது அதற்கு முந்தியது. மேலுறை ரப்பர், பெட்டிக்குள் நுழையும் இடத்தில் விரல் பட்டதும் பழைய முறுக்கு மாதிரி நொறுங்கிக் கொட்டியது. பெட்டியோ தகரம். 230 வோல்ற்று அந்தத் தகரத்தைத் தொட்டிருந்தால் மகனுக்கு ரயில் ஓட்டக் கை இருந்திருக்காது. முழு வயரையும் கழற்றிப் புதிதாக மூன்று வயர்க் கேபிள் போட்டு, புவி வயரைப் பெட்டியின் உட்பக்கம் பெயின்ற் சுரண்டிய இடத்தில் திருகாணியால் இறுக்கினேன். இந்த வேலையைச் செய்யாமல் பழைய கொன்ட்ரோலர் எதையும் பிளக்கில் செருகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிறகும் நேரே செருகவில்லை. என் கடையில் ஒரு பலகையில் குண்டு பல்ப் ஒன்று, அதோடு தொடராக ஒரு பிளக் பேஸ் இருக்கிறது. சந்தேகமான எந்தச் சாமானையும் முதலில் அதில்தான் போடுவேன். உள்ளே சோட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், சாமான் தப்பும். இல்லாவிட்டால் பல்ப் மங்கலாகக் கிடக்கும். இங்கே பல்ப்பின் இழை சிவந்ததும் தெரியவில்லை. நிலைமாற்றி நலமாக இருக்கிறது என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் நிலைமாற்றி, கடைக்கு வருகிறவர்களின் வாயில் ட்ரான்ஸ்போமர். நான் எழுதும்போது புத்தகத்தின் பக்கம், கதைக்கும்போது கடையின் பக்கம்.

தண்டவாளத்தில் எஞ்சினை வைத்துக் குமிழைத் திருப்பினோம். கால் சுற்றுவரை ஒன்றும் இல்லை. பிறகு முனகிக்கொண்டு நகர்ந்தது. அரைச் சுற்றில் செத்துப்போனது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் குதித்து ஓடியது. மூன்று பெட்டிகளையும் கொளுவினால் அந்த ஓட்டமும் இல்லை, வயிற்றோட்டம் வந்தவன் நடை. பத்து நிமிடத்தில் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், எல்லாம் நின்றது. குளிர்ந்ததும் இன்னொரு 'டிக்', மறுபடி உயிர்.

ஒரு நோய் என்று நினைத்துக்கொண்டு தேடினால் இப்படியான பெட்டிகள் ஆளை அலைக்கழித்துவிடும். இங்கே நோய் இரண்டு. நான் அதைக் கண்டுபிடித்த ஒழுங்கைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நடுவில் ஒரு மடைத்தனமும் செய்தேன். அதையும் எழுதுகிறேன்.

முதலில் பலவீனம். எஞ்சினை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் சிக்னல் பல்ப் ஒன்றைத் தண்டவாளத்தில் மாட்டினேன். 12 வோல்ற்று, 10 வாற்று; அதாவது ஒரு அம்பியருக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் சில நேரம் நன்றாக ஓடும், சில நேரம் ஓடாது, சில்லில் தூசி இருந்தால் அடம்பிடிக்கும். பல்ப் பொய் சொல்லாது. குமிழை முழுதாகத் திருப்பி அளந்தேன். பல்ப் இல்லாமல் 13 வோல்ற்று. பல்ப்பை மாட்டியதும் 7. அதே நேரம் நிலைமாற்றியின் முனையில் 16 அசையாமல் நின்றது. குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போது தடை எதுவும் நடுவில் இல்லை. அப்படியானால் களவு நடக்கிற இடம் ஒன்றுதான்: சீராக்கி.

ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இந்தச் சாமானை இப்போதைய பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். சதுரத் தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு நீள ஆணியில் கோத்து, இடையில் காற்றுப் போக வெளி விட்டு அடுக்கியிருக்கும். தட்டின் ஒரு முகத்தில் செலீனியம் பூசியிருப்பார்கள். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கன் இருவாயிகள் (டயோட்) மலிவாகும்வரை பழைய ரேடியோ, பற்றறி சார்ஜர் எல்லாவற்றிலும் இதுதான். வயதாக ஆக இதன் உள்தடை ஏறிக்கொண்டே போகும். தண்டவாளத்துக்குப் போகவேண்டிய வோல்ற்றில் பாதியைத் தானே தின்று சூடாகி உட்கார்ந்திருக்கும். அந்தச் சூடுதான் பத்து நிமிடத்தில் 'டிக்' என்றதற்கும் காரணம்: பெட்டிக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது, அளவுக்கு மேல் சூடானால் வளைந்து தொடுகையை விட்டுவிடும். செலீனியத் தட்டு முழுதாக எரிந்தால் அழுகிய உள்ளியின் நாற்றம் அடிக்கும், அந்தப் புகை நஞ்சு. ஒரு தடவை பழைய சார்ஜர் ஒன்றில் அந்த நாற்றத்தை முகர்ந்திருக்கிறேன். ஊரை விட்டு ஓடலாம் போலிருந்தது.

தட்டுகளைக் கழற்றிவிட்டு 5408 இலக்க இருவாயி நான்கை, ஆடலோட்டத்தின் இரண்டு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்பும் பாலமாகக் கட்டினேன். ஒவ்வொன்றும் 3 அம்பியர் தாங்கும், ஒரு அம்பியர் கொன்ட்ரோலருக்குத் தாராளம். ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. செலீனியம் புதிதாக இருந்தபோதே இரண்டு வோல்ற்றுக்கு மேல் பிடித்துக்கொள்ளும், சிலிக்கன் பாலம் பிடிப்பது ஒன்றரைக்கும் குறைவு. அப்படியே விட்டால் தண்டவாளத்துக்கு 12க்கு மேல் போகும். ஆகவே வெளியேறும் வயரில் இன்னும் இரண்டு இருவாயிகளைத் தொடராகப் போட்டேன், அவை ஒன்றரை வோல்ற்றை விழுங்கிவிட்டன. பல்ப்பை மாட்டி அளந்தால் பதினொன்றுக்கு மேல். பல்ப்பின் வெளிச்சத்தைப் பார்த்ததும் மகன் கை தட்டினான்.

இனித்தான் மடைத்தனம். எஞ்சினை வைத்தேன், மெல்லிய இரைச்சல் கேட்டது. முப்பது வருடமாக ரேடியோ திருத்துகிறவனின் காதுக்கு இரைச்சல் என்றால் ஒரே அர்த்தம்தான்: கொள்ளளவி (கபாசிற்றர்) பழுது, புதிது போடு. யோசிக்காமல் 2200 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பாலத்தின் குறுக்கே பற்றவைத்தேன். இந்தக் கொன்ட்ரோலரில் கொள்ளளவியே கிடையாது. செய்தவன் மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. கொள்ளளவி அலையின் உச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலைமாற்றி சுமை இல்லாமல் 17 வோல்ற்று தருகிறது என்றால் அதன் உச்சி 24. இருவாயிகள் பிடித்தது போக 20க்கு மேல் மிஞ்சும். 12 வோல்ற்று மோட்டருக்கு 20. அதோடு அரைச் சுற்றில் உயிர் போகும் அந்த மற்ற நோயையும் நான் இன்னும் தொடவில்லை. மகன் குமிழைத் திருப்பினான், அரைச் சுற்றில் எஞ்சின் நின்றது, "இன்னும் கொஞ்சம்" என்று நான்தான் சொன்னேன்.

எஞ்சின் வளைவைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நேரே கதவின் விளிம்பைத் தாண்டி, விறாந்தையில் மனைவி காயவைத்திருந்த செத்தல் மிளகாய்ச் சுளகுக்குள் இறங்கியது. மிளகாய் இருந்ததால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது; அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கொள்ளளவியைக் கழற்றினேன். அந்த இரைச்சல் இருக்கவேண்டிய இரைச்சல். மின்சாரம் விநாடிக்கு 100 துடிப்பாகப் போகிறது, ஒவ்வொரு துடிப்பும் மோட்டரை ஒரு உதை உதைக்கிறது. 'அரை' சுவிட்ச்சைப் போட்டால் பாலத்தின் ஒரு கால் துண்டிக்கப்பட்டு, விநாடிக்கு 50 உதை, நடுவில் வெறுமை. சேற்றில் இறங்கிய லாண்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, தள்ளியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே சீராகத் தள்ளினால் அது அசையாது. விட்டு விட்டுத் தள்ளினால், ஒரு தள்ளில் பிடி விட்டுவிடும். மெதுவாக ஊரவேண்டிய நேரத்தில் எஞ்சினுக்கு அந்த விட்டுவிட்டு வரும் உதைதான் வேண்டும். அதற்காக எப்போதும் 'அரை'யிலேயே ஓட்டக்கூடாது. மோட்டர் உறுமும், சூடாகும்.

இனி அரைச் சுற்று. திசை மாற்றும் சுவிட்ச்சை முன்னுக்குப் போட்டாலும் பின்னுக்குப் போட்டாலும் எஞ்சின் அதே இடத்தில்தான் இறக்கிறது. ஆகவே நோய் திசைச் சுவிட்ச்சுக்கு முன்னால், குமிழுக்கு அடியில். அங்கே இருப்பது மாறுந்தடை: சூடு தாங்கும் ஒரு வளையத்தின் மேல் நிக்குரோம் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, அதன் மேல் ஒரு செப்புக் கை வழுக்கிக்கொண்டு போகிறது. கை எந்தச் சுற்றைத் தொடுகிறதோ அந்தளவு கம்பி நடுவில் வரும். கம்பி கூடினால் ரயில் மெதுவாகும்.

இந்த இடத்தில் என் முள் மீற்றரை எடுத்தேன். இலக்கம் காட்டும் மீற்றர் இரண்டு கடையில் இருக்கின்றன. ஆனால் வழுக்குகிற கையைத் தேடிப் பிடிக்க முள்தான் வேண்டும். இலக்கம் ஒவ்வொரு தடவையும் யோசித்துச் சொல்வதற்குள் கை அந்த இடத்தைத் தாண்டிவிடும். முள் கூடவே ஓடும். எனக்குத் தொழில் பழக்கியவர் தந்த மீற்றர் அது. 2008 கடைசியில் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு தருமபுரம், விசுவமடு என்று போன பாதை முழுக்க அரிசிப் பைக்குள் கிடந்தது. அரிசி முடிந்த பிறகும் அந்தப் பைக்குள்தான் கிடந்தது. செட்டிகுளம் முகாமில் ஒருவரின் ரேடியோவை அதை வைத்துத் திருத்தி, கூலியாக ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளி வாங்கினேன். அந்த வாளி இப்போதும் கிணற்றடியில் இருக்கிறது.

முள்ளைப் பார்த்துக்கொண்டு குமிழை நத்தை வேகத்தில் திருப்பினேன். முள் சீராக ஏறியது, ஏறியது, பாதியில் படாரென்று விழுந்தது. இன்னும் ஒரு இழை திருப்ப, மறுபடி எழும்பியது. வளையத்தை வெளியே எடுத்து யன்னலோரம் பிடித்தேன். கை ஓடும் பாதை முழுவதும் காய்ந்த கிறீஸ், கண்மை மாதிரிக் கறுத்துக் கட்டியிருந்தது. அறுபது வருடத்து அழுக்கைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்தேன். மணற்கடதாசி போடவில்லை, கம்பி ஏற்கனவே தேய்ந்தது, இன்னும் தேய்க்க அதில் சதை இல்லை. துடைத்த பிறகு கண்ணாடி வைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு சுற்று அறுந்திருந்தது. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டபடிதான் கிடந்தன; ஒரு முனை மேலே எழும்பி, கை போகும்போது தட்டுப்பட்டு விலகும், அப்போது மட்டும் கரண்ட் போகாது. மயிரை விடக் கொஞ்சம் தடிப்பு.

ஈயம் வைத்துப் பார்த்தேன். நிக்குரோமில் ஈயம் ஒட்டாது என்று தெரிந்தும் வைத்துப் பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீர்தான், உருண்டு விழுந்தது. ஒட்டினாலும் பயனில்லை, இந்தக் கம்பி சூடாகிற கம்பி, ஒரு நாள் ஈயம் இளகி விழும். அறுந்த இரண்டு முனைகளையும் ஒரு சுற்றுப் பின்னுக்கு அவிழ்த்து, கை தொடாத வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, முறுக்கினேன். முறுக்கின் மேல் ஒரு பித்தளைக் குழாய் வேண்டும், அதுவும் ஊசியளவு. கடையில் இல்லை. மகனின் பேனை மேசையில் கிடந்தது. பேனைக் குச்சியின் நுனி பித்தளை. குண்டு இருக்கும் முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, மையைத் துடைத்து, முறுக்கை அதற்குள் நுழைத்துக் குறட்டால் இறுக்கி நசுக்கினேன். முதல் தடவை கம்பி குறட்டோடு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தடவை நசுக்கியதும் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது. முள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பேனைக்குச் சொந்தக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

கடைசிச் சோதனை, 'டிக்'. எல்லாவற்றையும் பூட்டி, குமிழை முழுதாகத் திறந்து, இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஐந்து ரூபாக் குற்றியை வைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு எண்ணுவதற்குள் தகடு விட்டது. விளையாடும் பிள்ளைகள் தண்டவாளத்தில் ஆணி, சாவி, கரண்டி எல்லாம் போடுவார்கள். இந்தத் தகடு வேலை செய்யாத பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடாது.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஐயா அன்று பின்னேரம் வந்திருந்தார். ரயில்வேயில் எஞ்சின் உதவியாளராக இருந்தவர், வயது எண்பது தாண்டிவிட்டது. ரயில் என்று அவர் சொல்வதே இல்லை, கோச்சிதான். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யுத்தத்தால் நின்றபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு தண்டவாளம் பங்கருக்குப் போனது, சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது, பாதை காடாகியது. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்த அன்று ஐயா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேசனில் நின்றார். அடுத்த வருடம் ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம்வரை போனது. என் மகன் அந்த வருடம் பிறந்தவன். அவனுக்கு ரயில் என்பது காலையில் பல் துலக்கும்போது கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மகன் குமிழை ஒரே இழுப்பில் திருப்பி எஞ்சினைப் பறக்கவிட்டான். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பெட்டிக்குள் சனம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது" என்றார். கனடாவிலிருந்து 1954இல் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் வந்த டீசல் எஞ்சின்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று கனடாவின் மாகாணங்களின் பெயரை அவற்றுக்கு வைத்திருந்தார்கள். சாரதியின் கைப்பிடியில் எட்டுப் படி. முதல் படியில் போட்டுப் பொறுக்க வேண்டும், கொளுக்கிகள் ஒவ்வொன்றாக இறுகும், கடைசிப் பெட்டி அசைந்த பிறகுதான் இரண்டாவது படி. அதிலும் டீசல் எஞ்சின் நேரே சில்லைச் சுற்றுவதில்லை, மின்பிறப்பாக்கியைச் சுற்றுகிறது, அதிலிருந்து மின்சாரம் போய்ச் சில்லடியில் உள்ள மோட்டரைச் சுற்றுகிறது. ஐயா இதைச் சொல்லும்போது என் கொன்ட்ரோலர் கொஞ்சம் பெருமையோடு உட்கார்ந்திருப்பது போல எனக்குப் பட்டது. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. தடை வைத்து ஓட்டும் எந்தக் கொன்ட்ரோலரிலும் இருக்கும் குறை. எஞ்சினுக்கு வேலை கூடினால் அது கூடிய கரண்ட் கேட்கும், கரண்ட் கூடினால் தடைக்குள் கூடுதலாக வோல்ற்று தொலையும். பலம் வேண்டிய நேரம் பார்த்துப் பலம் குறையும். ஆகவே வளைவில் குமிழைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், நேரில் குறைக்க வேண்டும். கை எஞ்சினோடு கூடவே போகவேண்டும். இப்போது வருகிற இலத்திரனியல் கொன்ட்ரோலர்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. ஐயாவின் கருத்து, அப்படியானால் சாரதி எதற்கு.

மகன் சோக்கட்டியால் கதவின் மேல் ஸ்டேசன் பெயர்களை எழுதினான். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். முறிகண்டியில் கச்சான் வாங்காமல் யாரும் போவதில்லை என்று, ஒரு கச்சான் கோதைத் தண்டவாளத்தோரம் வைத்தான். 'அரை'யில் போட்டு எஞ்சினை ஓமந்தையிலிருந்து எடுத்தான். கடைசிப் பெட்டி அசையும்வரை பொறுத்தான். மாங்குளம் தாண்டும்போது கரண்ட் போய்விட்டது. பெட்டி பழுதாகிவிட்டது என்று ஒரு கணம் நெஞ்சு அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒழுங்கை முழுக்க இருட்டு.

யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடையாது, கரண்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் இரவில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து நிற்கும். பெடலை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் ஆறு வோல்ற்றை ஒரு பழைய இருவாயி வழியாக ரேடியோவுக்குக் கொடுத்து, பிபிசி தமிழோசை கேட்போம். மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவர் நித்திரைக்குப் போய்விடுவார். வேகமாகச் சுற்றினால் கத்துவார், இன்னும் வேகமானால் ரேடியோவின் உயிர் போய்விடும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னுடையது. அப்பா ரேடியோவைப் பார்த்தபடி விரலால் மட்டும் சைகை காட்டுவார்: கூட்டு, குறை. நான் மின்சாரம் படித்தது அந்த விரலைப் பார்த்துத்தான். இதை மகனுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அவன் நம்பியதில்லை.

மூலையில் நின்ற என் சைக்கிளில் அந்தப் பழைய டைனமோ இப்போதும் இருக்கிறது. ஆறு வோல்ற்று, மூன்று வாற்று, அரை அம்பியர். எஞ்சினுக்குப் போதும். கைவிளக்கை ஐயா பிடிக்க, மிஞ்சிய நான்கு இருவாயிகளை ஒரு கட்டையில் பாலமாக முறுக்கி, கொன்ட்ரோலரின் வயரைத் தண்டவாளத்திலிருந்து கழற்றி, டைனமோவை மாட்டினேன். சைக்கிளைக் கவிழ்த்தோம். மகன் பெடலைப் பிடித்து ஒரே வீச்சில் சுற்றினான். இருட்டுக்குள் எஞ்சின் பாய்ந்துபோய்ப் பரந்தன் வளைவில் தடம் புரண்டது.

"தள்ளு" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். டைனமோ டயரில் உரசி 'ர்ர்ர்' என்றது. அந்தச் சத்தத்தை முப்பது வருடமாகக் கேட்கவில்லை. கை தானாகவே அளவைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் முனகி, ஒரு கணம் தயங்கி, நகர்ந்தது. கொளுக்கி ஒன்று, இரண்டு, மூன்று. ஐயா கைவிளக்கை எஞ்சினோடு கூடவே நகர்த்திக்கொண்டு வந்தார், மற்றக் கையின் விரலை மெல்லக் கீழே காட்டினார்: குறை.

முறிகண்டியில், கச்சான் கோதுக்கு நேரே, நிறுத்தினேன்.